பள்ளிக்கூடத்துக் கிணறும் சௌந்திரம் டீச்சரும்

நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் சௌந்திரம் டீச்சரைப் பிடிக்கும் என்று சொல்ல ஒருவர்கூடக் கிடையாது. பிடிக்க வேண்டும் என்று அவரும் நினைத்ததில்லை. காய்க்கடைத் தராசில் எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கத்தரிக்காயை வைக்க விடுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் காரணமில்லாமல் சிரித்தால் கைப்பையை மடியில் இறுக்கிக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர்களிடம், "மொய்க்குத்தானே கூப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்வார். கல்யாணத்துக்குப் போகமாட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ், சின்னச் சின்ன அச்சு வேலை என்று நான் கடை வைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆனதிலிருந்து டீச்சர் என் கடைக்கு மனு அடிக்க வருவார். தெருவிளக்கு எரியாததற்கு மனு, ரேஷன் அரிசியில் கல் இருந்ததற்கு மனு. நான் அடித்துக் கொடுத்ததை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் சந்தோஷப்படுவார். இல்லையென்றால் இன்னொரு முறை படிப்பார்.

அவர் பிறந்தது பக்கத்தில் மொட்டப்பாறைப் புதூர். சின்ன வயதிலேயே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வருசம் சித்தப்பா வந்து, சொசைட்டியில் உரக் கடன் வாங்க வேண்டும் என்று சொல்லி அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கச் சொன்னார். அது உரக் கடனுக்கு வைத்த ரேகை இல்லை என்பது, சித்தப்பாவின் ஏர் தங்கள் காட்டில் இறங்கிய அன்றுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அதே சித்தப்பாதான் பிறகு டீச்சரைச் சேலத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு, படிப்பு முடிகிறவரை விசாரித்துக்கொண்டும் இருந்தார். "வாயை அடைக்கப் பண்ணுன வேலை" என்பார் டீச்சர். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

படித்து முடித்து வரலாற்று ஆசிரியையாக வேலை கிடைத்தது. சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸில் சில வருசம் இருந்தார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள், "உங்க ஊட்டுக்காரருக்கு வடக்க மாத்தல் கெடச்சிருச்சாமே, கேட்டது கெடச்சுதே" என்று வாழ்த்துச் சொன்னார். புருசன் டீச்சரிடம் சொல்லாமலே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். டீச்சர் அன்று சாயந்திரமே டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டார். அந்த மனிதரும் தேடி வரவில்லை. யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது. டீச்சரோடு ஒரு மணி நேரம் இருந்தாலே எனக்குத் தலை வலிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்பது வருசத்துக்கும் மேலாக அவர் வரலாறு நடத்தினார். எந்த ராஜாவாக இருந்தாலும், எந்தச் சண்டையாக இருந்தாலும், அவர் கையில் இரண்டே சாவிகள் இருந்தன. ஒன்று பயம், இன்னொன்று ஆசை. ஏன் படையெடுத்தான்? ஆசை. ஏன் ஏரி வெட்டினான்? வரி குறைந்துவிடும் என்ற பயம். ஏன் கோயில் கட்டினான்? செத்த பிறகு என்ன ஆகுமோ என்ற பயம். மனிதன் எப்படிப்பட்டவன் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே அவன் என்ன செய்திருப்பான் என்பதும் தெரியும். மீதி வருசக் கணக்குத்தான்.

இதற்கு நேர் எதிரான ஆள் மணியன் வாத்தியார். அவரும் புதூர்தான். டீச்சரைவிட எட்டு வயது மூத்தவர். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். தாயும் தகப்பனும் இல்லாமல், இன்று ஒரு வீடு நாளை ஒரு வீடு என்று ஊர்ச் சோற்றிலேயே வளர்ந்தவர். அவருக்கு மனிதன் பிறவியிலேயே நல்லவன். கெட்டது எல்லாம் வெளியிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அரசியல்வாதி கொண்டுவந்தது, இப்போது செல்ஃபோன் கொண்டுவந்தது.

இருவருக்கும் பகை எப்போது தொடங்கியது என்று கேட்டால் சங்ககிரி என்பார்கள். ஒரு முறை இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே நாளில் கோட்டைக்குச் சுற்றுலா போயிருந்தார்கள். மணியன் வாத்தியார் மதிலைக் காட்டி, "இத்தனை கல்லையும் ஒரு ஆளா தூக்கி வெச்சான்? ஊரு ஒத்துமையா இருந்துச்சு, கோட்டை எழும்புச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் தன் பிள்ளைகளிடம், அவருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு மதில் பத்தாதுன்னு உள்ள உள்ள எத்தனை மதில் கட்டியிருக்கான் பாருங்க. மேல இருந்தவனுக்குக் கீழ இருந்த எவன் மேலயும் நம்பிக்கை இல்ல. இது பூராவும் பயம், கல்லா நிக்குது" என்றார். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் அந்தச் சிரிப்பை மறக்கவே இல்லை.

இந்த இரண்டு பேரையும் சேர்ந்து ஒரு வரலாறு எழுதச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் போன வருசம் நடந்தது.

மொட்டப்பாறைப் புதூர் அரசுப் பள்ளிக்கு நூறு வயது ஆனது. நூற்றாண்டு விழாக் கமிட்டித் தலைவர் மதியழகன். போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். வண்டிகள் ஆந்திராவிலும் அதற்கு அப்பாலும் ஓடுகின்றன. விழா மலரில் பள்ளியின் வரலாறு வர வேண்டும் என்று முடிவானபோது ஊரில் பாதிப் பேர் மணியன் வாத்தியாரைச் சொன்னார்கள். மீதிப் பேர், வாத்தியார் எல்லோரையும் தெய்வமாக்கிவிடுவார், டீச்சரும் இருக்கட்டும் என்றார்கள். இப்போதைய தலைமையாசிரியை வெண்ணிலாவுக்கு மலர் தேதிக்கு வந்தால் போதும்.

"ரெண்டு பேருமே பெரியவங்க, சேந்து எழுதுங்க" என்று மதியழகன் கைகூப்பினார்.

"சேந்தா? அம்மிணியோடயா?" என்றார் வாத்தியார்.

"உங்களுக்குப் பயமா இருந்தா நான் தனியா எழுதறனுங்க" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு வாத்தியாரால் பின்வாங்க முடியவில்லை.

அச்சு வேலை என் கடைக்கு வந்தது. இருவரும் தனித்தனியாக ஊரில் விசாரித்தார்கள், தனித்தனியாக எழுதினார்கள். சேர்ந்து உட்கார்ந்தது என் கடையில், என் கம்ப்யூட்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். முதல் பக்கத்திலேயே சண்டை வந்தது. பள்ளிக்கு நிலம் கொடுத்தது மதியழகனின் கொள்ளுத்தாத்தா. 'கல்வியின் மேல் கொண்ட தீராக் காதலால் வழங்கினார்' என்று வாத்தியார் எழுதியிருந்தார். 'கல்லாங்குத்தாகக் கிடந்து எதற்கும் உதவாத நிலத்தைத் தள்ளிவிட்டார்' என்று டீச்சர் எழுதியிருந்தார்.

"உனக்கெப்படித் தெரியும், தள்ளிவிட்டார்னு?"

"காதல்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? வந்து சொன்னாரா?"

கடைசியில் 'வழங்கினார்' என்று மட்டும் போட்டேன். இருவருக்கும் திருப்தி இல்லை.

பெரிய சண்டை கிணற்றைப் பற்றி வந்தது.

எண்பத்து மூன்றில் இந்தப் பக்கமெல்லாம் கடும் பஞ்சம். புதூரில் எல்லாக் கிணறும் காய்ந்து, பள்ளிக்கூடத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. இது இருவர் எழுத்திலும் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை வாத்தியார் இப்படி எழுதியிருந்தார்:

'அந்த இக்கட்டான வேளையில் பெருந்தகை கருப்பண்ணன் அவர்கள் ஊர் என்றும் காலனி என்றும் பாராமல் கிணற்றைத் தம் கையாலேயே திறந்துவிட்டார். மனித மனத்தில் ஈரம் உள்ளவரை எந்த வறட்சியும் நம்மை வெல்லாது.'

கருப்பண்ணன் என்பவர் மதியழகனின் அப்பா. காலமாகி வெகுநாள் ஆகிறது.

டீச்சர் எழுதியது இது:

'ஊரார் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். தலைமையாசிரியர் அய்யாக்கண்ணு பூட்டைத் திறந்து காலனிப் பெண்களைத் தண்ணீர் சேந்தச் சொன்னார். கருப்பண்ணன் என்பவர் அவரைத் தடியால் அடித்துக் கையை முறித்தார். ஊர் வேடிக்கை பார்த்தது. தாகம் வந்தால் மனிதன் யார் என்பது தெரிந்துவிடும்.'

இரண்டையும் அடித்து முடித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கருப்பண்ணன்களா, இரண்டு கிணறுகளா? இருவரும் வந்து உட்கார்ந்ததும் இரண்டு புரூஃபையும் முன்னால் வைத்தேன்.

வாத்தியார் டீச்சரின் பக்கத்தைப் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"இது வரலாறா அம்மிணி? போலீஸ் ஸ்டேஷன்ல எழுதற எஃப்.ஐ.ஆர்."

"நடந்தது அதுதானுங்களே. அங்கம்மாகிட்டக் கேட்டேன். அன்னிக்குக் கொடத்தோட நின்னவ அவ. கண்ணால பாத்தவ."

"நானும் அங்கம்மாகிட்டத்தான் கேட்டேன். மூணாம் நாளு என்ன நடந்துச்சுன்னு உன்கிட்டச் சொல்லலியா அவ?"

டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"சொல்லியிருப்பா. அய்யாக்கண்ணு வாத்தியாரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும் ஊர்ல மறுபடியும் பூட்டுப் போட்டாங்க. அந்தப் பூட்டை ஒடைச்சது யாரு? அதே கருப்பண்ணன். அதே தடியைக் கையில புடிச்சுக்கிட்டு, சொந்தப் பங்காளிக எதுத்து வந்தப்ப குறுக்க நின்னு, காலனிக்காரங்களைத் தண்ணி எடுக்க உட்டான். மழை வர்ற வரைக்கும் நின்னான். இதை ஏன் எழுதல?"

"எதுக்கு எழுதோணும்? அய்யாக்கண்ணு சார் கேசு குடுத்துருவார்னு பயம். நல்லவனாட்டம் நின்னு காட்டினான். வேசத்தையெல்லாம் வரலாற்றுல ஏத்துவாங்களா?"

"வேசம்னு யார் சொன்னா?"

"மனுசன்னு சொன்னா அவ்வளவுதானுங்க. சரி, நான் கேக்கறேன். கை முறிஞ்சதை அங்கம்மா உங்ககிட்டச் சொன்னாளா இல்லியா? நீங்க ஏன் எழுதல?"

 வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"அது ஒரு கோவத்துல நடந்தது. வெளியூர்ல இருந்து வந்த கட்சிக்காரன் எவனோ தூண்டி உட்டிருக்கான். அது கருப்பண்ணன் கொணமில்ல."

"பூட்டை ஒடைச்சது மட்டும் கொணம். கையை ஒடைச்சது கொணமில்ல. நல்லா இருக்குதுங்க உங்க கணக்கு!"

"உனக்கு மட்டும்? உன்ற சித்தப்பன் ஏமாத்துனான். அதுக்காக ஒலகத்துல இருக்கறவன் பூராவும் திருடன்!"

"உங்களுக்கு நாலு ஊட்டுல சோறு போட்டாங்க. அதுக்காக ஊர்ல எவன் எதைப் பண்ணினாலும் தெய்வம்!"

கடைக்கு வெளியே ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாத்தியார் எழுந்து, தன் புரூஃபை எடுத்துக்கொண்டு, டீச்சரின் புரூஃபைத் தரையில் தள்ளிவிட்டுப் போனார். டீச்சர் குனிந்து அதை எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆத்தூர் போறேன். நீயும் வா" என்றார்.

"நானு எதுக்குங்க டீச்சர்?"

"அய்யாக்கண்ணு சார் இன்னும் உசுரோட இருக்காரு. நான் மட்டும் போய்க் கேட்டுட்டு வந்து சொன்னா அந்த ஆளு நம்பமாட்டான். சாட்சி வேணும்."

என் கடையைப் பூட்டிவிட்டு வரச் சொல்கிறோமே என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. நானும் ஏனோ மறுக்கவில்லை.

ஆத்தூர் பஸ்ஸில் டீச்சர் வழக்கத்துக்கு மாறாகப் பேசிக்கொண்டே வந்தார். எல்லாம் அய்யாக்கண்ணு சாரைப் பற்றி. இத்தனை வருசத்தில் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அந்த ஒரு மனிதரை மட்டும் தன் சாவிகள் இரண்டிலிருந்தும் அவர் விலக்கி வைத்திருந்தார். பயமும் இல்லாமல் ஆசையும் இல்லாமல் ஒருத்தர் பூட்டைத் திறந்தார். அப்படி ஒருத்தர் இருந்ததால்தான் மற்றவர்களைத் திட்ட அவருக்கு உரிமை இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், மகன் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் அய்யாக்கண்ணு சார் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்கிய வயது. இடது முழங்கை கோணலாக நின்றது. டீச்சர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பேச்சைப் பதிவு செய்ய ஃபோனை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"புதூரா?" என்றார் கிழவர். "இப்ப வந்து என்னத்தக் கேக்குற? கையி ஒடிஞ்சு கெடந்தப்ப ஒரு நாயும் வரல."

"நான் அப்ப சேலத்துல படிச்சிட்டிருந்தனுங்க சார். உங்களைப் பத்தி வரலாற்றுல எழுதப்போறோம்."

"எதுக்கு எழுதுற? நான் கேட்டனா?"

"காலனி சனங்களுக்காக நீங்க ஒருத்தராத் துணிஞ்சு…"

"யாரும்மா சொன்னா, அவுங்களுக்காகன்னு?"



கிழவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு எரிச்சலோடு சொல்லத் தொடங்கினார். அந்த வருசம் சுதந்திர தினத்தன்று கொடியேற்றும்போது, பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நிற்க, கருப்பண்ணன் அவரைப் பார்த்து, "பொழைக்க வந்த வாத்தி, ஓரமா நில்லு" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஆளை எங்காவது குனிய வைக்க வேண்டும் என்று இவர் காத்திருந்தாராம். கிணற்றுக்குப் பூட்டுப் போட்டதில் முன்னால் நின்றது கருப்பண்ணன். சாவி பள்ளிக்கூடத்தில் இருந்தது.

"தொறந்தப்ப எனக்கு அவன் மூஞ்சிதான் கண்ணு முன்னால நின்னுச்சு. எப்படிக் கறுத்துப்போவான் பாருன்னு. வெளிய பொம்பளைங்க வெறுங்கொடத்தோட நின்னதும் தெரிஞ்சுது. எது முந்தி எது பிந்தின்னு நாப்பது வருசமா நானே ரோசிச்சுப் பாத்துட்டேன். ஒருநாளு இது முந்தி வருது, ஒருநாளு அது முந்தி வருது."

"இல்லீங்க சார்," என்றார் டீச்சர். "நீங்க நியாயத்துக்காகத்தான் தொறந்தீங்க. இப்ப அடக்கமாச் சொல்றீங்க."

"நீ எங்கூட இருந்தியா அன்னிக்கி?" கிழவர் சத்தம் போட்டார். உள்ளேயிருந்து மருமகள் வந்து எட்டிப் பார்த்தார். "எம்மனசுல என்னா இருந்துச்சுன்னு எனக்கே தெரியல, நீ வந்து சொல்லிக்குடுக்குறியா?"

டீச்சர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன், "கருப்பண்ணன் அப்புறம் பூட்டை உடைச்சது ஏனுங்க? கேசுக்குப் பயந்தா?"

"கேசு குடுக்கமாட்டேன்னு ஆசுபத்திரிலயே எழுதிக் குடுத்துட்டேன். ஊருக்கே தெரியும். அவன் ஏன் ஒடச்சான்னு எனக்குத் தெரியாது. ஒடச்சுட்டான்னு கேள்விப்பட்டப்ப, என்னியப் பாக்க வருவான்னு நெனச்சேன். வரல. சாவுற மட்டும் வரல. கெளம்புங்க."

எங்களுக்குக் காப்பி போட மருமகள் பால் வைத்திருந்தார். குடிக்காமலே கிளம்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். வழியெல்லாம் மரவள்ளிக் காடும் பாக்குத் தோப்பும். நாமகிரிப்பேட்டை நெருங்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எங்க சித்தப்பன் என்னை ஏன் ஹாஸ்டல்ல சேத்துவிட்டான்னு நான் அவன்கிட்ட ஒருநாளும் கேட்டதில்ல."

"கேட்டிருந்தா?"

"திருடன் திருடன்தான். அது மாறாது. ஆனா நான் கேக்கல. கேட்டாப்பல நானே பதிலைச் சொல்லிக்கிட்டேன்."

பஸ் நின்றதும் எனக்காகக் காத்திருக்காமல் இறங்கி நடந்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும்முன் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். புதிதாக எழுதியதைக் கொடுத்தார். பூட்டுப் போட்டது, அய்யாக்கண்ணு சார் திறந்தது, கருப்பண்ணன் அடித்தது, மறுபடியும் பூட்டியது, கருப்பண்ணன் உடைத்தது, மழை வரும்வரை நின்றது, கடைசிவரை அய்யாக்கண்ணு சாரைப் போய்ப் பார்க்காதது. எல்லாம் இருந்தது. சுதந்திர தினத்து அவமானமும் இருந்தது. தாகம் வந்தால் மனிதன் யார் என்ற வரி இல்லை. அந்த இடத்தில், 'அய்யாக்கண்ணு ஏன் திறந்தார் என்பதை அவராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கருப்பண்ணன் ஏன் உடைத்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை' என்று இருந்தது.

நான் அதை அடித்து வாத்தியாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். கை முறிந்ததைச் சேர்த்ததற்குச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபம் வேறு.

"தெரியவில்லையா? தெரியவில்லைன்னு எழுதறதுக்கு எதுக்கு ஒரு வரலாற்று ஆசிரியை? படிக்கற பிள்ளை ஏன்னு கேக்குமே, என்ன சொல்லுவே?"

"தெரியலைன்னு சொல்லுவனுங்க."

"முப்பது வருசமா எல்லாத்துக்கும் ஏன்னு சொல்லிக்குடுத்தவ நீ!"

"ஆமா, சொன்னேன்."

"அடிச்சவனும் அவன், காப்பாத்துனவனும் அவன், ஏன்னு தெரியாது. இப்படி உட்டா அந்த மனுசன் பைத்தியக்காரன்னு நினைப்பாங்க. மனசு மாறினான்னு ஒரு வார்த்தை போடு. போதும்."

"மனசு மாறியிருந்தா அய்யாக்கண்ணு சாரைப் போய்ப் பாத்திருப்பானே? மாறல, பயந்தான்னு நான் போடட்டுங்களா?"

"போடு பாக்கலாம்!"

"அதான் ரெண்டும் போடல."

வாத்தியார் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து மதியழகன் வந்தார். உட்காரவில்லை. "எங்கப்பன் பேரு இப்படி வரக்கூடாதுங்க டீச்சர்" என்றார். "ஊருக்குத் தண்ணி குடுத்த மனுசன் அவரு. கையை ஒடைச்சார்னு என்ற பேரப்புள்ளைக படிக்கோணுமா?"

"ரெண்டையும் சேத்துப் படிக்கட்டும்."

"ரெண்டையும் சேத்தா எது நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? கெட்டதுதான் நிக்கும்."

அவர் போன பிறகு, அங்கம்மாளின் மகன் அறிவு வந்தான். கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். அவன் கோபம் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. "பூட்டை ஒடைச்சார்னு எதுக்குங்க போடறீங்க? பூட்டுனதே அவுங்கதானே? எங்கம்மா சேந்தின ரெண்டு கொடம் தண்ணிக்கு நாங்க காலத்துக்கும் கும்பிடு போடோணுமா? அடிச்சவனை வள்ளல் ஆக்கறீங்களா?"

"வள்ளல்னு எங்க எழுதியிருக்கு, காட்டு."

"எழுத வேண்டியதில்லீங்க. படிக்கறவங்க அப்படித்தான் படிப்பாங்க."

அவன் சொன்னதும் சரிதான் என்று எனக்குப் பட்டது. மதியழகன் சொன்னதும் சரி என்றே பட்டது. அந்த ஒரு பக்கத்தை எல்லாரும் வெறுத்தார்கள், ஒவ்வொருவரும் வேறு வேறு வரிக்காக.

கமிட்டி கூடியது. வெண்ணிலா, "விழா நல்லபடியா நடக்கோணும், அவ்வளவுதான்" என்று கெஞ்சினார். கடைசியில் மலரில் வந்தது ஒரே வரி: 'எண்பத்து மூன்றாம் ஆண்டு கடும் வறட்சி நிலவியது.' மீதி இடத்தில் ஒரு ரிக் கம்பெனியின் வாழ்த்து விளம்பரத்தை வைத்தேன். வரலாறு எழுதியவர் என்று மணியன் வாத்தியார் பெயரை மட்டும் போட்டார்கள். வாத்தியார் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் சண்டை போட்டார். அந்த ஒரு வரி தன்னுடையது இல்லையாம். அதற்குள் அச்சு ஓடிவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள் டீச்சர் வந்து, கிணற்றைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தைத் தனியாக அச்சடித்துத் தரச் சொன்னார். "மதியழகன் உன்கிட்ட இனி வேலை குடுக்கமாட்டான். யோசிச்சுக்க" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இவ்வளவு நாள் என் கடையில் சண்டை போட்டு, என் வாடிக்கையையும் கெடுத்து, அதற்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. இருந்தாலும் அடித்துக் கொடுத்தேன். பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

விழா நாளில் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே தனியாக நின்று, வருகிறவர்களிடம் நீட்டினார். பெரும்பாலானோர் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மதியழகனின் ஆள் ஒருவன் இரண்டு மூன்றை வாங்கிக் கிழித்துப் போட்டான். டீச்சர் அடுத்ததை நீட்டினார். அப்போது மணியன் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றை வாங்கி அங்கேயே நின்று படித்தார்.

"இதுல ரெண்டாவது பத்தி தப்பு" என்றார் சத்தமாக.

"எது தப்புங்க?"

"பங்காளிக நாலு பேருன்னு போட்டிருக்கே. ஆறு பேரு. நான் அன்னிக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருந்தேன்."

"அதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ என்னைக் கேட்டியா?"

கேட்டில் நின்றே இருவரும் கத்தத் தொடங்கினார்கள். யார் எங்கே நின்றார்கள், தடி எந்தக் கையில் இருந்தது, அடி விழுந்தபோது அய்யாக்கண்ணு கத்தினாரா இல்லையா. உள்ளே மைக்கில் அமைச்சரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். சனம் வெளியே வந்து இவர்களைச் சுற்றிக் கூடியது. என்ன சண்டை என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொரு தாளைக் கையில் எடுத்தார்கள். "ஆறு பேரு இல்ல, அஞ்சு" என்று ஒருவர் குறுக்கே சொன்னார். "எங்க பெரியப்பன் அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்று இன்னொருவர் பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே பத்துப் பேர் சண்டை போட்டார்கள். டீச்சர் கையில் ஒரு தாளும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு மதியழகன் என் கடைக்கு வருவதில்லை. விசிட்டிங் கார்டு, பில் புக் எல்லாம் ராசிபுரத்தில் அடித்துக்கொள்கிறார். வாத்தியாரும் டீச்சரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் என்னிடம் வந்து, "அந்த ஆளு என்ன எழுதறாரு?" "அந்தம்மா எங்க போய் விசாரிக்குது?" என்று மாறி மாறிக் கேட்கிறார்கள்.

டீச்சர் இப்போது புதூரில் இருந்து சுடுகாட்டுக்குப் போகிற வழி எப்போது, யாரால் அடைபட்டது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தூரத்தில் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள். நானும் ஒருமுறை கூடப் போயிருந்தேன். மூடிய கதவு முன்னால் நின்று அவர், "உங்க தாத்தாதான் வேலி போட்டாருன்னு சொல்றாங்க, அப்படியே எழுதிக்கறேன்" என்று உரக்கச் சொன்னார். பிறகு உள்ளேயிருந்து, "எவன் சொன்னான் பொய்யி?" என்று ஒரு குரல் சீறிக்கொண்டு வந்தது. கதவு படாரென்று திறந்தது. டீச்சர் ஃபோனை எடுத்து ரெக்கார்டு பட்டனை அழுத்தினார்.